ஒரு சாண் டாங்கி

தொழிலில் நான் கார் பெயின்டர். அம்பத்தூரில் சின்னதாக ஒரு டிங்கரிங், பெயின்டிங் ஷெட் வைத்திருக்கிறேன். வருகிற வண்டிகளில் பாதிக்கு மட்கார்டு விளிம்பிலோ கதவின் அடியிலோ துரு இருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, பட்டி போட்டு, வாட்டர் பேப்பர் தேய்த்து, பிரைமர் அடித்து, துரு இருந்த சுவடே தெரியாமல் திருப்பித் தருவதற்குத்தான் எனக்குக் கூலி. இரவானால் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து, புத்தம் புதிய பிளாஸ்டிக் டாங்கி ஒன்றுக்குச் சொந்தச் செலவில் துரு ஏற்றிக்கொண்டிருப்பேன். "பகல்ல எடுக்கறத ராத்திரியில வைக்கறீங்க" என்பாள் மனைவி. வாஸ்தவம்தான். ஆனால் துருவை எடுத்துப் பழகியவனுக்குத்தான் அது எங்கே வரும், எங்கே வராது என்று தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

"இதெல்லாம் பொம்மைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. பொம்மை செய்பவர் கண்ணளவுக்குச் செய்வார். ஸ்கேல் மாடலில் நிஜ வண்டியின் நீளம், அகலம், போல்ட் தலை வரை எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்திருப்பார்கள். ராணுவ வண்டிகளுக்கு அதிகம் புழங்குவது முப்பத்தைந்தில் ஒன்று; பெட்டியின் மேல் 1/35 என்று போட்டிருக்கும். இடம் இல்லாதவர்கள் 1/48, 1/72 என்று இறங்குவார்கள். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான பாகங்கள் வரிசையாக இருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்து வண்டியாக்குவது நம் பொறுப்பு.

அது என்ன முப்பத்தைந்து? ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1946-ல் மரவாடியாகத் தொடங்கியது. மரத்தில் மாடல் செய்து பழகி, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாடலாகக் கொண்டுவந்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்குகிற மாதிரி அதன் உடலை வரைந்தார்கள். நன்றாக விற்றது. பிறகு அளந்து பார்த்தால் நிஜத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. அதையே தங்கள் அளவாக வைத்துக்கொண்டார்கள், மற்ற கம்பெனிகளும் அதே வழியில் வந்துவிட்டன. உலகம் முழுக்க இன்று அலமாரிகளில் நிற்கும் டாங்கிகளின் உயரத்தை நிர்ணயித்தது ஒரு பேட்டரி. இதே கம்பெனி 1970-களில் ஒரு கார் மாடலுக்காக நிஜ போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கி, கடைசி ஆணி வரை கழற்றி அளந்தது. திரும்ப மாட்டுவதற்குப் போர்ஷே ஆட்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. எங்கள் ஷெட் பையன்களிடம் சொன்னேன், நம்பவில்லை.

முப்பத்தைந்து என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி வேலை பாதி புரிந்துவிடும். காருக்கு அடிக்கும் பெயின்ட், எல்லா கோட்டும் சேர்த்து, சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். அதே கனத்தில் மாடலுக்கு அடித்தால், நிஜ டாங்கியின் மேல் மூன்றரை மி.மீ. கனத்துக்கு அப்பிய கணக்கு. போல்ட் தலையெல்லாம் மூழ்கிவிடும். கார் ஸ்பிரே கன் இங்கே உதவாது; பேனா மாதிரி பிடித்து அடிக்கும் ஏர்பிரஷ்தான் வேண்டும், பெயின்ட்டையும் பால் பதத்துக்கு இளக்கி, ஊதி ஊதி ஏற்ற வேண்டும். இன்னொன்று: ஆற்று மணலில் ஒரு துகள் அரை மி.மீ. இருக்கும். அதை மாடலின் சக்கரத்தடியில் ஒட்டினால் அது மணலாக இருக்காது, கிட்டத்தட்ட முக்கால் இஞ்சு ஜல்லி. மண்ணைக் காட்டுவதற்கு நிஜ மண் ஒத்துவராமல் போவது இதனால்தான். துணியில் சலித்த மண் அல்லது சாக்பீஸ், பேஸ்டல் கட்டிகளைத் தேய்த்தெடுத்த பொடி, அதுவும் இல்லையென்றால் கடையில் விற்கும் பிக்மென்ட் பவுடர்.

தூரத்துக்கும் இதே கணக்கு. மாடலை நாம் 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கிறோம். நிஜ டாங்கியைப் பத்தரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம் அது. அத்தனை தூரத்தில் பச்சை சற்று வெளிறும், பளபளப்பு அடங்கும், விரல் நகத்தளவு பெயின்ட் உரிந்திருந்தால் தெரியவே தெரியாது. டப்பாவில் உள்ள ராணுவப் பச்சையை அப்படியே அடித்தால் மாடல் கறுத்துப் போவதற்குக் காரணம் இதுதான். கொஞ்சம் மஞ்சளோ வெளிர் நிறமோ கலந்து அடிப்பேன்.

இப்போது என் மேஜையில் இருப்பது செஞ்சூரியன். இரண்டாம் உலகப் போருக்காக இங்கிலாந்து வடிவமைத்து, சண்டை முடிகிற நேரத்தில் வந்து சேர்ந்த டாங்கி. இந்திய ராணுவம் 1965-லும் 1971-லும் இதை வைத்துச் சண்டை போட்டது. உடல் நீளம் ஏழரை மீட்டருக்குச் சற்று அதிகம். முப்பத்தைந்தால் வகுத்தால் 22 செ.மீ. வருகிறது, அதாவது ஒரு சாண். நிஜ எடை சுமார் 51 டன். மூன்று திசையிலும் முப்பத்தைந்தால் வகுத்தால் ஒரு கிலோ இருநூறு கிராம் வர வேண்டும். பிளாஸ்டிக்கோ சில நூறு கிராம்தான். இல்லாத எடையைக் கண்ணுக்குக் காட்டுவது இந்த வேலையின் பெரிய சவால். தரையில் வைத்தால் சங்கிலிப் பட்டை மண்ணுக்குள் கொஞ்சமாவது அமிழ்ந்திருக்க வேண்டும். பக்கத்துக்கு ஆறாக எல்லாச் சக்கரமும் சமமாகத் தரையைத் தொட வேண்டும். ஒரு சக்கரம் காகித கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றால்கூட 51 டன் காற்றில் பறந்துவிடும்.

ஒட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இதற்கு விற்கும் பசை, பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து இணைப்பில் பிரஷ்ஷால் தொட்டால் தானே உள்ளே ஓடி, இரு பக்கத்தையும் இளக்கி ஒன்றாக்கிவிட்டுக் காற்றில் போய்விடும். பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

எனக்குப் பிடித்த இடம் தகடு நசுங்குவது. செஞ்சூரியனின் மட்கார்டு மேலேயும், பீரங்கி சுழலும் கோபுரத்தின் பக்கங்களிலும் சாமான் பெட்டிகள் வரிசையாக இருக்கும். எல்லாம் மெல்லிய தகடு. மரத்தில் உரசும், சுவரில் இடிக்கும், நசுங்கும். அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் பெட்டியோ முப்பத்தைந்து மடங்கு பெருக்கினால் விரல் கனத்துக்கு மேல் போகிற தகடாக இருக்கிறது. உள்பக்கம் பிளேடால் சுரண்டி மெல்லியதாக்கி, லேசாகச் சூடு காட்டி அழுத்தினால் நிஜத் தகடு நசுங்குவது போலவே நசுங்கும். ஷெட்டில் சுத்தியலால் நிமிர்த்துகிற வேலையைத் தலைகீழாகச் செய்வது. ஆனால் மட்கார்டு நசுங்கலாம், கவசம் நசுங்காது. கோபுரத்தின் முகப்பு 15 செ.மீ. கன எஃகு. அதில் பள்ளம் விழுந்தால் அது குண்டு பட்ட பள்ளம். அதற்கு வேறு கதை இருக்க வேண்டும்.

பெயின்ட்டில் ஒரே ஒரு சட்டம், கார் பெயின்டர் எவருக்கும் தெரிந்தது: காரமான தின்னர் கீழே, சாதுவான தின்னர் மேலே. எனாமல் மேல் லாக்கர் அடித்தால் பெயின்ட் சுருண்டு எழும். மாடலில் முதலில் லாக்கர் அல்லது அக்ரிலிக், அது நன்றாகக் காய்ந்த பிறகு டர்பன்டைனில் கரைத்த எனாமலோ ஓவியர்களின் ஆயில் பெயின்ட்டோ. மேல் கோட்டைத் தவறுதலாகப் போட்டாலும் டர்பன்டைன் நனைத்த பிரஷ்ஷால் துடைத்துவிடலாம், கீழ்க் கோட்டுக்கு ஒன்றும் ஆகாது. அழுக்கேற்றும் கலை முழுக்க இந்த வசதியின் மேல்தான் நிற்கிறது.

இனி அழுக்கு.

எங்கள் தெருவில் ராணுவத்தில் டாங்கி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஓட்டியது விஜயந்தா. 1965-லிருந்து பக்கத்து ஆவடியில் செய்த டாங்கி. ஒரு நாள் மாடிக்கு வந்து, அலமாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி லைன்ல நிக்கும்போது இந்த லட்சணத்துல இருந்தா எங்க சுபேதார் தோல உரிச்சிருப்பாரு தம்பி. இது எந்த நாள்?"

"எந்த நாள்னா என்ன சார்?"

"பரேடுக்கு முந்தின நாளா, எக்ஸர்சைஸ் போயிட்டு வந்த நாளா, சண்டையில மூணாவது நாளா? மூணுக்கும் மூணு அழுக்கு."

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல கேள்வி இல்லை. நாளைத் தீர்மானித்துவிட்டால் ஊர் தெரியும், பருவம் தெரியும், மண் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கறைக்கும் காரணம் கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

என் செஞ்சூரியனுக்கு நாள், 1971 டிசம்பர் 16. இடம், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரை. ராவியில் கலக்கும் சிற்றாறு அது. முந்தின இரவு கண்ணிவெடி வயலில் பொறியாளர் படை பாதை வெட்டிக்கொண்டிருக்க, வேலை முழுதாக முடியும் முன்பே பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் அதற்குள் நுழைந்து அக்கரை சேர்ந்தன. மறுநாள் சண்டையில் 21 வயது செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால், தன் டாங்கியில் தீப்பிடித்து, இறங்கச் சொல்லி உத்தரவு வந்த பின்னும், பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டுச் சுட்டபடியே இறந்தார். பரம் வீர் சக்ரா பெற்றவர். அவருடைய டாங்கியின் பெயர் 'ஃபமகுஸ்தா'. மகாராஷ்டிரத்தில், இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாறியிருக்கும் அகமத்நகரின் கவசப்படை மையத்தில் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து என் அழுக்குக்கு என்ன கிடைக்கிறது? டிசம்பர் மாதத்துப் பஞ்சாப், ஆற்று வண்டல் மண். காய்ந்தால் வெளுத்த சாம்பல் கலந்த பழுப்பு. நம்மூர் செம்மண்ணைச் சலித்துப் பூசினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் சண்டை செங்கல்பட்டில் நடந்த மாதிரி ஆகிவிடும். ஆற்றைக் கடந்த வண்டி. சக்கரங்களிலும் வயிற்றிலும் ஈரச் சேறு இருக்க வேண்டும். ஈரச் சேறு கறுப்பாக, லேசான மினுமினுப்போடு இருக்கும்; மேலே போகப் போகக் காய்ந்து வெளிறும். பொடியோடு பிளாஸ்டர், அக்ரிலிக் பெயின்ட், கொஞ்சம் பசை சேர்த்துக் குழைத்து, பழைய பிரஷ்ஷில் எடுத்து, ஒரு குச்சியின் மேல் தட்டித் தெறிக்க விடுவேன். தெறிப்பு முன்னிருந்து பின்னாகப் போக வேண்டும். டாங்கி முன்னால்தானே ஓடியது! கோபுரத்தின் உச்சியில் சேறு பூசிய மாடல்களைக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். அங்கே சேறு எப்படிப் போயிற்று என்று கேட்டால் பதில் வராது. ஏறி இறங்கிய பூட்ஸ்தான் சேற்றை மேலே கொண்டுபோகும். ஆள் ஏறும் வழியைப் பின்தொடர்ந்து, அங்கே மட்டும் திட்டுத் திட்டாக வைக்கலாம். அதே வழியில்தான் பெயின்ட்டும் தேய்ந்திருக்கும்: மட்கார்டு முனை, கைப்பிடி, மூடியின் விளிம்பு. மென்மையான 6பி பென்சிலை அங்கே தேய்த்தால் தேய்ந்த எஃகின் கருவெள்ளி நிறம் அச்சாக வரும்.

சங்கிலிப் பட்டைக்கும் பென்சில்தான். நின்ற வண்டியில் ஒரே இரவில் பட்டை பழுப்பேறிவிடும். நூறடி ஓடினால் தரையில் படும் முகம் மட்டும் தேய்ந்து மின்னும், இடுக்குகளில் பழுப்பு தங்கும். பட்டையின் நடுவில் துருத்தி நிற்கும் பல், இரட்டைச் சக்கரத்தின் நடுவே புகுந்து ஓடும். சக்கரத்தின் உள்பக்கமும் அங்கே உரசி வெளுத்திருக்கும். யாரும் குனிந்து பார்க்காத இடம்தான். பெரியவர் குனிந்து பார்த்தார்.

செஞ்சூரியன் பெட்ரோல் வண்டி. மீட்டியர் இன்ஜின், சண்டை விமானங்களில் இருந்த மெர்லின் இன்ஜினின் உறவு. பெட்ரோல் சிந்தினால் தூசியைக் கழுவிவிட்டு ஆவியாகிவிடும். மூடியைச் சுற்றி விளிம்பு கட்டிய ஒரு வட்டம் மிஞ்சும். டீசலில் ஓடும் ரஷ்ய டி-34 என்றால் கதை வேறு: டீசல் காயாமல் தங்கி, தூசியைப் பிடித்துக் கறுத்துப் போகும். ஒரே பழுப்பு ஆயில் பெயின்ட்டை எல்லா டாங்கிக்கும் ஊற்றுகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டாகத் தெரியாது. மெக்கானிக் ஒருவர் பார்த்தால் சிரிப்பார்.

துருவுக்கு வருகிறேன். என் தொழில் பெருமையும் இங்கேதான். மாடல்களில் நான் பார்க்கும் துருவில் முக்கால்வாசி பொய். சண்டைக்காலத்தில் பல டாங்கிகள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து ஒரு வருஷம்கூட இருந்ததில்லை. கனமான எஃகின் மேல் பெயின்ட் உரிந்தால் மேலோட்டமாகப் பழுப்புப் படியும். செதில் செதிலாக உதிர்ந்து ஓட்டை விழ நேரம் ஏது? ஓட்டைத் துரு மெல்லிய தகட்டின் நோய், அதுவும் சூடும் ஈரமும் மாறி மாறிப் படுகிற தகட்டின் நோய். செஞ்சூரியனில் பின் மட்கார்டு மேல் படுத்திருக்கும் சைலன்சர்கள் அப்படிப்பட்டவை. பெயின்ட் வெந்து போய், ஆரஞ்சும் பழுப்பும் கரியும் கலந்து கிடக்கும். என் துரு முழுவதையும் அங்கேதான் செலவழிப்பேன்.

பெயின்ட் உரிந்த இடத்தில் எல்லாம் இரும்பு தெரியும் என்பதும் தப்புக் கணக்கு. 1941-ல் வட ஆப்பிரிக்காவுக்குப் போன ஜெர்மன் டாங்கிகள் கருஞ்சாம்பல் நிறத்தில் புறப்பட்டவை. பாலைவனத்துக்காக மேலே மணல் நிறம் அடித்தார்கள். அது உரிந்தால் கீழே சாம்பல் தெரிய வேண்டும். ரஷ்யப் பனிக்காலத்தில் இரு தரப்பும் டாங்கிக்குச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையடித்தார்கள். ஆள் ஏறும் இடத்தில் முதலில் கரையும், மழை பட்டால் கோடு கோடாக ஒழுகும். இதை மாடலில் செய்ய ஒரு அருமையான வழி இருக்கிறது. கீழ் நிறம் காய்ந்ததும், பெண்கள் தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயை மேலே அடிப்பது. அதன் மேல் அக்ரிலிக் வெள்ளை. அரை மணி கழித்துத் தண்ணீர் தொட்டு முரட்டுப் பிரஷ்ஷால் சுரண்டினால், நடுவில் இருக்கும் ஹேர் ஸ்பிரே கரைந்து, வெள்ளை தானாகத் தாறுமாறாக உரிந்து வரும். கையால் வரைந்தால் அந்தத் தாறுமாறு வராது. நம் கை என்ன செய்தாலும் ஒழுங்கு தேடும்.

டாங்கி முழுவதும் துருவேற வேண்டும் என்றால் அது எரிந்திருக்க வேண்டும். தீயில் பெயின்ட் போய்விடும், சக்கரத்து ரப்பர் எரிந்து சாம்பலாகும், சில வகை டாங்கிகளில் ஸ்பிரிங் கம்பிகள் பதம் இழந்து வண்டியே கீழே உட்கார்ந்துவிடும். வெற்று எஃகு சில நாளில் ஆரஞ்சாக மாறும். செய்முறை எனக்குத் தெரியும். செய்வதில்லை. உள்ளே நாலு பேர் இருந்திருப்பார்கள். ஃபமகுஸ்தாவையும் அந்தக் காலை ஆற்றைக் கடந்து வந்த கோலத்தில்தான் நிறுத்தியிருக்கிறேன். இதற்கு மாறாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஃபேஷன் இதிலும் உண்டு. 1970-களில் ஷெப்பர்ட் பெயின் என்ற அமெரிக்கர் மோனோகிராம் கம்பெனிப் பெட்டிகளோடு வந்த துண்டுப் பிரசுரங்களில், மாடலைச் சுற்றி ஒரு காட்சியே அமைப்பது எப்படி என்று சொல்லித் தந்தார். தலைமுறை ஒன்றே அதில் கற்றுக்கொண்டது. பெல்ஜியத்து ஃபிரான்சுவா வெர்லிண்டன் காலத்தில் 'டிரை பிரஷ்' ராஜ்ஜியம்: கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷில் வெளிர் நிறம் எடுத்து எல்லா விளிம்பிலும் உரசுவது. பிறகு ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள். ஒரே பச்சையை மேலே வெளிறியும் கீழே கறுத்தும் ஏர்பிரஷ்ஷால் அடித்து, ஒவ்வொரு தகட்டையும் தனித்தனி விளக்கு வைத்த மாதிரி காட்டுவது. போட்டோவில் அள்ளும். எனக்கு அது கல்யாண மண்டபத்து சீரியல் விளக்கு மாதிரி தெரிகிறது. வெயில் ஒரு திசையிலிருந்துதானே வரும்?

அருங்காட்சியகத்து டாங்கியைப் பார்த்து மாடல் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திறந்த வெளியில் நிற்கும் டாங்கியில் இருப்பது மழையும் வெயிலும் செய்த வேலை. அதை மூடி மூடி அடித்த பெயின்ட் வேறு. போல்ட் எங்கே, வெல்டிங் எப்படி என்று பார்க்க அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அழுக்குக்கு மட்டும் அந்தக் காலத்துப் போட்டோக்களைப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் நம் சாலையில் ஓடும் ஜேசிபி, செங்கல் லாரி, ஏரி தூர்வாரும் பொக்லைன் போதும். சேறு எங்கே தங்குகிறது, ஆயில் எங்கே கசிகிறது, டிரைவர் எங்கே கால் வைக்கிறார் என்று ஒரு டீ குடிக்கிற நேரம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தொடங்க நினைக்கிறவர்கள் பாகங்கள் குறைந்த, பழைய, விலை மலிவான 1/35 பெட்டி ஒன்றை வாங்குங்கள். பெட்டிகள் பெரும்பாலும் இறக்குமதி. நல்லது வேண்டுமென்றால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். 'துரு', 'சேறு', 'தூசி' என்று சின்னச் சின்ன பாட்டிலில் விற்கிறார்களே, அவற்றை முதலில் தொடாதீர்கள். ஸ்டேஷனரி கடையில் கறுப்பு, வெள்ளை, எரிந்த பழுப்பு என மூன்று ட்யூப் ஆயில் பெயின்ட், ஒரு டர்பன்டைன் பாட்டில், ஒரு 6பி பென்சில், சாக்பீஸ் பெட்டி, ஸ்பாஞ்ச் துண்டு போதும். ஆயில் பெயின்ட்டை முதலில் அட்டைத் துண்டில் பிதுக்கி வைத்தால் எண்ணெயை அட்டை குடித்துவிடும், பளபளப்பு வராது. குழந்தைகள் கூட உட்கார்ந்தால் பிளேடை நீங்களே பிடியுங்கள். ஏர்பிரஷ் வாங்கும்போது கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடியையும் சேர்த்தே வாங்குங்கள், துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. மாடி அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அடியுங்கள். நுரையீரலுக்கு டிங்கரிங் கிடையாது.